வாடை மட்டும்

கடைக்குக் காந்தம் கொண்டு போயிருந்தாவ.
பழைய ஸ்பீக்கரை உடைச்சு எடுத்த வட்டக் காந்தம்.
பணகுடி இரும்புக் கடையில
குழாய் குழாயா வச்சுப் பாத்து
ஒட்டுனதையெல்லாம் தள்ளி
ஒட்டாத ஒண்ணை வாங்கிட்டு வந்தாவ,
கை நீளத்துக்கு ஒரு சாண் கூட.

பிவிசி பாதி விலைதானேன்னேன்.
"அது இளகும், எப்சிபா."
எம்சீல் கூடாது. ரப்பர் வாசர் கூடாது.
ஈயப் பத்து கூடவே கூடாது.
பன்னிரண்டு வருஷம் தம்மாமுல வெல்டரா இருந்த மனுசன்
கொல்லையில குத்தவச்சு
அடியில துளைத் தகடைப் பத்தவைக்கையில
எனக்கு நெஞ்சு அடிச்சுது.
தண்ணி வடிக்க யாரு இம்புட்டு பயப்படுவா?

சிரட்டை நான் கொண்டாந்தது.
கோயில் அசனத்துக்கு உடைச்சது, மூணு சாக்கு.
தகர டின்னுல அடைச்சு, மூடியில ஆணித்துளை போட்டு,
வெள்ளைப் புகை மெலிஞ்சு
ஒண்ணுமில்லாம ஆகிற வரைக்கும் எரிச்சாவ.
ரெத்தினபாய் மதிலுக்கு மேல தலையை நீட்டுனா.
"என்ன மைனி, அண்ணாச்சி எதும் காய்ச்சுதாவளா?"
சிரிச்சுத்தான் கேட்டா.
மதுவிலக்கு ஜீப்பு
என் கண்ணுக்குள்ள வந்து நின்னுது.

கரியை இடிச்சு, என் ரவைச் சல்லடையில சலிச்சாவ.
அதுக்கு ஒரு சண்டை.
கட்டியும் வேண்டாம், தூளும் வேண்டாம், மிளகு அளவு.
வேகவச்சு அலசுனாவ.
முதல் வாளி மை.
ரெண்டாவதும் மை.
ஆறு நாளைக்கு ஒருக்கக் குழாய் வாற ஊர்ல
ஏழு வாளி!
அதுக்கு ரெண்டாவது சண்டை.
அஞ்சாவது வாளியில கையை முக்கிக்கிட்டே
நான் கேக்காத கதையைச் சொன்னாவ.

கேம்ப் குளியலறை. மூணு குக்கர். சீனி, ஈஸ்ட்.
இறங்குற சரக்கு நாறும்.
நாத்தத்தை எடுக்க இவிய செஞ்ச குழாய்
கட்டிலுக்கு அடியில கிடந்தே பேரு வாங்குச்சு:
அதிசயராஜ் வடிச்சா பச்சத்தண்ணி.
மலையாளி, பெங்காலி,
ஏன், ஃபோர்மேனே வரிசையில நின்னான்.
ஒரு வெள்ளிக்கிழமை எவனோ கேன்ல கொண்டாந்தான்.
வார்னிஷ் மாதிரி வாடை.
நம்ம குழாயில விடுங்க அண்ணாச்சி.
விட்டாவ.
வாடை போச்சு.
வாடை மட்டும் போச்சு.

"கரி மேல குத்தம் இல்ல, எப்சிபா.
அந்த விஷம் அதுக்குப் பிடிபடாது.
மூக்கு சொல்லியிருக்கும்.
நான்தான் மூக்கை அடைச்சேன்."
கடையத்துக்காரன் மருதப்பன் விடியக்காலம்
லைட்டைப் போடுலேன்னு கத்துனானாம்.
லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

ஆறாவது வாளியை நான் எடுத்துக் குடுத்தேன்.
ஏழாவதுல
தண்ணி தண்ணியா வந்துச்சு.

குழாயைச் சுவரோட நிறுத்தி
வெளுத்த மல்லுத்துணி ரெண்டு மடிப்பு,
கரி, தட்டித் தட்டி இன்னும் கரி, மேல மறுபடி துணி.
ஊத்துனது நம்ம போர்த்தண்ணி.
போன சித்திரையில இருந்து கூமுட்டை வாடை அடிக்கிற தண்ணி.
ஒரு சொம்பு சேரங்காட்டியும்
ரசம் கொதிச்சு ஆறியே போச்சு.

மோந்து பாக்கக் குடுத்தாவ. ஒண்ணுமில்ல.
அவிய ஒரு வாய் குடிச்சாவ.
"உப்பு அப்படியே இருக்கு.
உப்பெல்லாம் அதுக்குத் தெரியாது."
எனக்கும் பிள்ளைக்கும் நாளைக்குன்னாவ.

ராத்திரி மொட்டை மாடி.
காத்தாடி உச்சியெல்லாம் சிவப்பு லைட்டு.
இடது கண்ணைப் பொத்தி எண்ணுதாவ.
வலது கண்ணைப் பொத்தி எண்ணுதாவ.
பதினேழு. பதினேழு.
வெறும் தண்ணிதானேன்னு சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லல.
அடுக்களையில அவியளுக்குத் தெரியாம
நானும் ஒரு மடக்குக் குடிச்சிருந்தேன்.

ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டேன்.
எனக்குப் பதினாறுதான் வருது.
காவல்கிணறு பக்கம் ஒண்ணு
விட்டு விட்டு எரியுது போல.